கொன்றது தோட்டக்காரன்தான்

போன மாதம் மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வந்துகொண்டிருந்தேன் என்பது பேச்சுக்குத்தான். சந்திப்பில் முக்கால் மணி நேரமாக அசையாமல் உட்கார்ந்திருந்தேன். முன்னால் ரப்பர் ஷீட் ஏற்றிய லாரி ஒன்று. புகை போட்ட ரப்பருக்கென்று ஒரு வாடை உண்டு. அது பிடித்தவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை, என்னைத் தவிர. பக்கத்து இருக்கையில் கல்லூரிப் பெண் ஒருத்தி ஆங்கில நாவல் படித்துக்கொண்டிருந்தாள். அட்டையில் ஒரு சின்னக் கல் வீடு, வாசல் நிறைய ரோஜா, மேஜைமேல் டீக் கோப்பை, மேஜைக்கு அடியில் பூட்ஸ் போட்ட இரண்டு கால்கள். மூக்கில் அந்த வாடையும் கண்ணில் அந்த அட்டையும் ஒரே நேரத்தில் வந்து விழுந்ததும் எனக்கு என் மாமா ஞாபகம் வந்துவிட்டது. மாமா வந்தால் செல்லம்மை வராமல் இருப்பாளா? பஸ் அங்கேயே நிற்கட்டும், சொல்கிறேன் கேளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் கொட்டாரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். மாமா, அதாவது என் அம்மாவின் அண்ணன், அதே ஊரில் வயலும் வீடுமாக இருந்தவர். ரப்பரில் கொஞ்சம் பணம் போட்டால் என்ன என்று பார்த்துவர ஒரு தடவை குலசேகரம் பக்கம் போனார். போன இடத்தில், சீமைக்குத் திரும்பும் ஒரு தோட்டத் துரையின் பங்களாச் சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா ரப்பரை மறந்துவிட்டு, கை நீண்ட சாய்வு நாற்காலி ஒன்றை எடுத்தார். அதோடு ஒரு தகரப் பெட்டியையும் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். வீட்டில் வந்து திறந்தால் நாற்பது இங்கிலீஷ் புத்தகங்கள். எல்லாம் துப்பறியும் கதை. எல்லாவற்றிலும் ரப்பர்ப் புகை வாடை. மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. கண்ணில் புரை வேறு.

“காசு குடுத்து எடுத்த சாதனம் சும்மா கெடக்கப்பிடாது. நீ வாசிச்சுத் தமிழில சொல்லு மக்கா” என்றார்.

எனக்குக் கசக்குமா? செல்லம்மை அவருக்கு ஒரே மகள், எனக்கு முறைப்பெண். நாகர்கோவிலில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வீட்டில் இருந்தாள். என் அம்மா ஜாடைமாடையாகப் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா காது கேட்காதவர்போல் இருந்துகொண்டிருந்தார். சனியும் ஞாயிறும் சாயந்திரம் நாலு மணிக்கு அவர் நாற்காலியில் சாய்வார். நான் எதிரில் முக்காலி போட்டு வாசிப்பேன். அறைக் கதவுக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்கும். நான் அவ்வளவு உரக்க வாசித்ததற்கு மாமாவின் காது காரணமில்லை.

அந்த இங்கிலீஷ் கிராமங்களை நீங்களும் கதையில் பார்த்திருப்பீர்கள். மொத்தம் முப்பது வீடு. ஒரு பாதிரியார், ஒரு டாக்டர், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு மீசைக்காரர், பூச்செடியும் ஊர்வம்பும் வளர்க்கும் கல்யாணமாகாத ஒரு கிழவி. மாதம் தவறாமல் ஒரு கொலை விழும். யாரும் மாரில் அடித்துக்கொண்டு அழுவதில்லை. பிணத்தைப் பார்த்து ‘அடடா’ என்று சொல்லிவிட்டு டீ போடப் போவார்கள். கடைசியில் எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்து இன்னார்தான் கொன்றான் என்று சொன்னதும், அவனும் ஒத்துக்கொண்டு போலீசோடு நடந்து போய்விடுவான். மாமாவால் இதைத்தான் நம்பவே முடியவில்லை. எங்கள் ஊரில் மடையை உடைத்துத் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பியவனை மண்வெட்டியும் கையுமாகப் பிடித்தால்கூட ஒத்துக்கொள்ள மாட்டான். அங்கே சொத்துக்காகக் கொலை செய்தார்கள். நாங்கள் கேஸ் போட்டோம். கொலை என்றால் ஒரு ஆளோடு முடிந்துவிடும். கேஸ் மூன்று தலைமுறையைத் தின்றுவிட்டு வாய்தா கேட்கும். அதனால்தானோ என்னவோ, அந்தக் கொலைக் கதைகளைக் கேட்டால் மாமாவுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

ஆனால் முதல் கதையிலேயே ஒரு வில்லங்கம் இருந்தது. பணக்காரக் கிழவர் ஒருவர் நாற்காலியில் செத்துக் கிடக்கிறார். டீயில் விஷம். அவருடைய தங்கை மகன்மேல் எல்லாருக்கும் சந்தேகம்.

“மருமவன் என்னத்துக்குடே கொல்லணும்? எப்படியும் அவனுக்கு உள்ளதுலா? மவனைப் புடிக்கச் சொல்லு, மவனை!” என்றார் மாமா.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் சமூகத்தில் அதற்கு முன்னெல்லாம் மருமக்கள் வழி. ஒருவருடைய சொத்து அவர் பெற்ற பிள்ளைக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். மாமன் சாகும்வரை மருமகன் சும்மா இருந்தால் போதும். அந்த வேலையைத் திறம்படச் செய்தவர்கள் எங்கள் குடும்பத்திலேயே பலர் உண்டு. பிறகு சட்டம் வந்தது. பெற்ற பிள்ளைகளுக்கே சொத்து என்று ஆயிற்று. சட்டம் வந்து சில வருஷங்கள் ஆகியும் மாமாவின் மனசுக்குள் அது இன்னும் அமலுக்கு வரவில்லை.

அந்தக் கதையில் கொன்றது தங்கை மகன்தான். எழுதினவனுக்குக் கிறுக்கு என்று சொல்லிவிட்டார் மாமா. இரண்டாவது கதையிலும் தங்கை மகன்தான். மூன்றாவதிலும் அவனேதான் என்றதும் மாமா கேட்டார்.

“அந்த நாட்டுல மருமவனுக்குச் சொத்து கெடையாதா?”

“கெடையாது மாமா. மகளுக்குத்தான்.”

“அதாக்கும் கொல்லுகான்.” கொஞ்ச நேரம் உத்தரத்தைப் பார்த்தார். “இப்ப நமக்கும் அப்படித்தானேடே?”

அடுத்த சனிக்கிழமை உள்ளேயிருந்து வந்த சுக்குக் காப்பியை வாங்கி வழக்கம்போல் அவரிடம் நீட்டினேன். “நீ ஒரு வாய் குடிச்சிட்டுத் தா மக்கா” என்றார். குடித்தேன். “இன்னும் ஒரு வாய்.” பாதி டம்ளர் குடித்தேன். பத்து நிமிஷம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆறிப்போன மீதியைக் குடித்தார். அந்த மாதக் கடைசியில் செல்லம்மைக்குச் சுசீந்திரத்தில் ஒரு வரன் பார்த்திருப்பதாக அம்மா சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளை வேறொருவன் கட்டிக்கொண்டு போவதை நினைத்தால் அழுகை வந்தது. இருபத்தாறு வயசு வாத்தியார், கதவைச் சாத்திக்கொண்டு அழவும் செய்தேன்.

பெட்டியில் பாக்கியிருந்த புத்தகங்களின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். வெள்ளைக்காரனுக்குத் தங்கை மகனை விட்டால் கொல்ல ஆளே கிடைக்கவில்லை போல. வேறு வழியில்லாமல் நானே கையை வைத்தேன். என் தமிழில் தங்கை மகன்கள் எல்லாரும் உத்தமர்கள் ஆனார்கள். மாமனுக்குக் கால் பிடித்துவிட்டார்கள், கஞ்சி ஆற்றிக் கொடுத்தார்கள். கொலைகளையெல்லாம் தோட்டக்காரன்மேல் போட்டேன். கேட்க நாதியில்லாதவன்மேல் பழி போடுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இன்று நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

“பின்ன அந்த நாட்டுல என்னத்துக்குத் தோட்டக்காரனை வேலைக்கு வைக்கான்?” என்று மாமா ஆச்சரியப்பட்டார். காப்பியில் என் பங்கு ஒரே வாயாகக் குறைந்தது.

இப்படி மூன்று மாதம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கதையை முடித்து, கொன்றது தோட்டக்காரன்தான் என்றேன். மாமா ஆச்சரியப்படவில்லை.

“போன வாரம் அவன் குளத்துல விழுந்து செத்தாம்லாடே? நீதானே வாசிச்சே?”

இதே கதையில் போன வாரம் அவனைச் சாகடித்தது எனக்கு மறந்தே போயிருந்தது.

“ஏட்டி, இங்க வா” என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார் மாமா. “நீ வாசிச்சுச் சொல்லு, கொன்னது ஆருன்னு.”

செல்லம்மை வந்தாள். என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, கடைசி அத்தியாயத்தில் ஒரு பக்கத்தை இங்கிலீஷில் உரக்க வாசித்தாள். என்னைவிட நன்றாகவே வாசித்தாள். தங்கை மகன் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, விஷம் வாங்கிய கடை முதற்கொண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிற பக்கம் அது. சுசீந்திரத்தில் மேளம் கொட்டுவது எனக்குக் கேட்டது. வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினாள்.

“தோட்டக்காரன்தாம்ப்பா.”

“செத்தவனா?”

“செத்தது இவனுக்க தம்பி. ரெட்டைப் பிள்ளையளாக்கும். ஒண்ணுபோல இருப்பானுவ.”

அவள் கண்கூட இமைக்கவில்லை. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் முகம் அவருக்குப் பனிமூட்டமாகத்தான் தெரிந்திருக்கும். ஆனாலும் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

“ஒலகத்துல உள்ள கொலையெல்லாம் ஒரு தோட்டக்காரனே செய்வானா? இவன் புளுகுகது எனக்கு எப்பவே தெரியும். நீ எப்பம்டி கூட்டுச் சேந்தே?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மாமா மறுபடி நாற்காலியில் சாய்ந்தார்.

“சுசீந்திரத்துக்காரன் வரண்டாம்னு ஆள் விட்டுச் சொல்லணும். ரெண்டுபேரும் சேந்துல்லா புளுகுகிய. ஒங்களைப் பிரிச்சு வச்சாத்தாண்டே எனக்க உசிருக்கு ஆபத்து.”

பிறகு காப்பி கேட்டார். நான் வாங்கி, வழக்கப்படி ஒரு வாய் குடிக்கப் போனேன். “வேண்டாம், கொண்டா” என்று கையை நீட்டி வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். எங்கள் நிச்சயதார்த்தம் அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் என் கையால் காப்பி குடித்துவிட்டு, படுக்கையிலேயே நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார் மாமா. தகரப் பெட்டியைக் கறையான் தின்றது. வீட்டை இடித்தாயிற்று. மடை உடைந்ததற்காகச் சண்டை போட்ட வயலில் இப்போது வரிசையாக வீடுகள். தண்ணீர் குழாயில் வருகிறது, சண்டை போட ஆளில்லை. மருமக்கள் வழி என்றால் அந்தக் கல்லூரிப் பெண் எந்த ஊருக்குப் போகிற வழி என்றுதான் கேட்பாள்.

செல்லம்மையும் நானும் நாற்பத்து நாலு வருஷம் வாழ்ந்தோம். அந்த மாதிரிக் கதைப் புத்தகம் எது கிடைத்தாலும் அவள்தான் முதலில் படிப்பாள். யார் கொன்றது என்று கேட்டால், வேண்டுமென்றே வேறு யாரையாவது சொல்லுவாள். நானும் முந்நூறு பக்கம் அந்த அப்பாவியைச் சந்தேகப்பட்டுக் கடைசியில் அசடு வழிவேன். அவள் சிரிப்பதைப் பார்ப்பதற்காகவே ஒவ்வொரு தடவையும் கேட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு புத்தகத்தைப் படித்து முடித்து என்னிடம் நீட்டினாள். “ஆரு?” என்றேன். “டாக்டர்தான் அத்தான்” என்றாள். அந்த வாரமே போய்விட்டாள்.

கொன்றது டாக்டராக இருக்க முடியாது, அது எனக்கு நிச்சயம். புத்தகம் என் தலைமாட்டில்தான் இருக்கிறது. படித்துவிட்டால் அவள் என்னை ஏமாற்றுவது அதோடு முடிந்துவிடும். அதனால் இன்னும் திறக்கவில்லை.