குடைக்காரன் எப்படிப் புடவை கட்டினான்?

என் மக என்கிட்ட பேசி ரெண்டு மாசம் ஆயிருந்துச்சு. கூட வேலை செய்யற பையனைக் கட்டிக்கறேன்னா. நம்ம ஆளுங்க இல்ல. "அவனோட இந்த ஊட்டு வாசப்படி மிதிச்சே, நான் பொணமாத்தான் கெடப்பேன்"னுட்டேன். அன்னிக்கு ஹாஸ்டலுக்குப் போனவதான். நான் ரெண்டு வாட்டி போன் போட்டேன், எடுக்கல. மூணாவது வாட்டி போட எனக்கு வீம்பு.

அந்தக் கடுப்ப மறக்கத்தான் வேலைக்குப் போற ரயில்ல கதை கேக்க ஆரம்பிச்சேன். கதை படிச்சுக் காட்டற ஆப்ப, சண்டைக்கு முன்னாடி அவதான் என் போன்ல போட்டுக் குடுத்திருந்தா. ராஜா காலத்துக் காதல் கதை, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும். இளவரசி தனக்குக் குடை பிடிக்கிறவனையே காதலிச்சு, ராணிக்குத் தெரியாம நெல்லுக் குதிர்ல ஒளிச்சு வெச்சா. அவனுக்கோ ஓயாத தும்மல். அம்பத்தூர் வந்துடுச்சுன்னு அங்க நிறுத்தினேன்.

மறுநாள் நெமிலிச்சேரில ஏறிப் போட்டா, அவன் புடவை கட்டிக்கினு ராணிக்கு வெத்தலை மடிச்சுக் குடுக்கறான்! நடுவுல இன்னா நடந்துச்சு? புடவை கட்டிவிட்டது யாரு? கை பட்டு ஓடிச்சோ, கேட்டுக்கினே தூங்கிட்டேனோ, ஒரு எழவும் புரியல. பின்னால தள்ளித் தள்ளிக் கேட்டேன், அந்த எடம் மட்டும் அகப்படல. அடுத்த நாளும் கதை வேற எங்கயோ போய் நிக்குது. இதுல ராணி மேல வேற கோவம். "பெத்த பொண்ணு மனசு தெரியல, நீயெல்லாம் ஒரு தாயா"ன்னு வாய்விட்டே திட்டிட்டேன். ஆவடில ஏறுன பொம்பளைங்க என்னையே பாத்தாங்க.

அம்பத்தூர் எஸ்டேட்டுல ஒரு கம்பெனில சுவிட்ச் பேக்கிங் பண்றது என் வேலை. பக்கத்து டேபிள்காரி போனை வாங்கி நோண்டிப் பாத்தா. "யக்கா, இது உன் பொண்ணோட ஐடி. அந்தப் பொண்ணும் அது போன்ல இந்தக் கதையத்தான் கேட்டுகினு கீது. அது எங்க நிறுத்துதோ, உனக்கு அங்கருந்துதான் ஓடும்."

மத்தியானம் சோத்து டப்பாவ மூடி வெச்சுட்டு போன் போட்டேன். எடுத்துட்டா! என்ன பேசறதுன்னு தெரியாம, "ஏண்டி, அந்தக் குடைக்காரனுக்குப் புடவை கட்டிவிட்டது யாரு?"ன்னேன்.

"நீயும் கேக்கறியாம்மா? அதான் தெனம் கதை பின்னால போயிடுதா? நான் ஆப்பு கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்." சிரிச்சா. அந்தச் சிரிப்பக் கேட்டு எத்தனை நாளாச்சு! அப்புறம் குரல் எறங்கிடுச்சு. "நீ யாரு பக்கம்மா? ராணி பக்கமா, அந்தப் பொண்ணு பக்கமா?"

ரயிலே கேக்க அந்த ராணியத் திட்டினவ நான்னு எந்த மூஞ்சிய வெச்சுகினு சொல்றது? சொந்தக்காரங்க காறித் துப்புவாங்களேன்னு பயமும் போகல. மனசு ஒப்புச்சா இல்லையான்னு எனக்கே தெரியல. ஆனா பதில் சொல்லாம வெச்சா, இவ இனிமே போனையே எடுக்க மாட்டான்னு மட்டும் தெரிஞ்சுது.

"ஞாயித்துக்கிழமை வஞ்சிரம் வாங்கலாம்னு இருக்கேன்"னேன். "அந்தப் பையன் மீன் சாப்புடுவானா?"