மாப்பிள்ளை பெயரைச் சொல்லாத வர்ணனையாளன்

எட்கர் வோகாலேவுக்கு அப்படி ஒரு தொண்டை. தீவு நாட்டின் தலைநகரான போர்ட் விலாவின் துறைமுகத்தில் கப்பலேற வந்தவர்களின் பெயரை அவன் கூப்பிட்டால், சந்தைக்குள் உட்கார்ந்து லாப்லாப் கிழங்குப் பலகாரம் தின்றுகொண்டிருப்பவனுக்கும் காதில் விழும். அதைக் கேட்டுத்தான் வானொலிக்காரர்கள் பந்தாட்ட வர்ணனைக்கு அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அவனுக்கு வயிறு துறைமுகத்தில், உயிர் மைதானத்தில்.

அவன் வர்ணனையில் பெயர்போனது ஒரு கூச்சல். நாட்டு அணியின் ஒன்பதாம் எண்காரன் சைலஸ் தாரி கோல் போட்டுவிட்டால் போதும், "சைய்ய்ய்லாஸ்!" என்று மூச்சு முட்டும்வரை இழுப்பான். வடக்குத் தீவுகளில் சின்னப் பிள்ளைகள்கூட அப்படியே கத்திக்கொண்டு தேங்காய் மட்டையை உதைத்துத் திரிந்தன.

பிறகுதான் வந்தது வினை. அதே சைலஸ், எட்கரின் தங்கை நெஸ்டாவைக் கட்டிக்கொண்டான். பன்றி வெட்டி, பாய் கொடுத்து, ஊரறியக் கல்யாணம். இரண்டு குடும்பத்துக்கும் சொந்த ஊர் மோட்டாலாவா தீவு. அங்கே தங்கை புருஷன் பெயரை அண்ணன் வாயால் சொல்லக் கூடாது. அவனும் இவன் பெயரைச் சொல்லக் கூடாது. தூக்கத்தில் உளறினால்கூட ஒரு பன்றியைக் கொடுத்துத்தான் மானத்தை மீட்க வேண்டும். அடுத்த மாதமே தீவு நாடுகளின் கோப்பை வருகிறது, மைக்கில் அந்தப் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்பதெல்லாம் கல்யாணக் குஷியில் மடையன் எட்கருக்கு உறைக்கவே இல்லை!

அரையிறுதியில் மாப்பிள்ளை இரண்டு கோல் போட்டான். எட்கரும் சளைக்கவில்லை. "மாப்பிள்ளை ஓடுறான், மாப்பிள்ளை வெட்டுறான், அடேங்கப்பா, மாப்பிள்ளை போட்டுட்டான்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். மறுநாள் காலையில் வானொலி மேனேஜர் கபாலு அவனைக் கூப்பிட்டு விட்டார். அவர் டன்னா தீவுக்காரர். மோட்டாலாவா வழக்கம் அவருக்கு எதற்கு?

"யாருய்யா அந்த மாப்பிள்ளை? தெற்குத் தீவுல பூரா சைலஸ் கால் ஒடிஞ்சு படுத்துட்டான்னு பேச்சு. மாப்பிள்ளைன்னு எவனோ புதுப் பய வந்திருக்கானாம்!"

"சார், எங்க ஊர்ல தங்கச்சி புருஷன் பேர..."

"ஊர் வழக்கத்த வீட்ல வச்சுக்க. பைனல்ல கோல் போட்டவன் பேரு ரேடியோல கேக்கணும். கேக்கலேன்னா அதான் நீ பிடிக்கிற கடைசி மைக்கு. ஆமா, சொல்லிப்புட்டேன்."

வீட்டுக்கு வந்தால் நெஸ்டா வாசலிலேயே மறித்தாள்.

"அண்ணே, நீ பாட்டுக்கு வாய் தவறிச் சொல்லிப்புட்டா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊருக்குப் போவேன்? அம்மா அங்க ரேடியோ பக்கத்துலயே உக்காந்திருக்கும்."

"சொல்லலேன்னா மைக்கு போயிரும் தாயி."

"மைக்கு பெருசா, நான் பெருசா?"

பாவம், அவனுக்கு இரண்டும்தான் பெரிது. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

இறுதி ஆட்டம் பிஜியுடன். மைதானம் கொள்ளவில்லை, மாமரத்தில், லாரிக் கூரையில், சுவர் மேலெல்லாம் ஜனம். தகரக் கூரைக்குக் கீழே வர்ணனைக் கூண்டு. எட்கருக்குப் பின்னால் கபாலு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிஜிக்காரன் ஒருவன் தலையால் முட்டி முதல் கோலைப் போட்டபோது மைதானமே செத்த வீடாகிவிட்டது. இரண்டாம் பாதியில் கல்டாக் என்ற பொடியன் பதிலுக்கு ஒன்று போட்டான். எட்கர் அவன் பெயரைப் பத்துத் தரம் கூவினான். சொல்லத் தடையில்லாத பெயர், எவ்வளவு இனிக்கிறது!

ஆட்டம் முடியப் போகிறது. பந்து ஒன்பதாம் எண்ணிடம் வந்தது. "வாங்கிட்டான்! ஒருத்தனத் தாண்டிட்டான்! இன்னொருத்தன் விழுந்துட்டான்! அடி... அடிடா... அடிச்சிட்டாஆன்! கோல்!"

கூரை அதிர்ந்தது. எட்கர் எழுந்து நின்றான். பெயர் தொண்டைக் குழியில் வந்து நிற்கிறது. வாய் திறந்திருக்கிறது. சத்தம் வரவில்லை. மோட்டாலாவாவில் அவன் அம்மா வானொலிப் பெட்டியை நாலு தட்டுத் தட்டினாள். "பேரச் சொல்லுய்யா, பேரு!" என்று கபாலு தோளைப் பிடித்து உலுக்கினார். கீழே வேலியோரம் நெஸ்டா இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு அண்ணனையே பார்த்தாள்.

எட்கர் மைக்கை ஸ்டாண்டிலிருந்து உருவினான். கூண்டு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, ஜனக் கூட்டத்துக்கு நேரே பிடித்தான்.

"சைய்ய்ய்லாஸ்!"

அத்தனை பேரும் ஒரே குரலில். இழுப்பு, ஏற்றம் எல்லாம் அப்படியே எட்கருடையது, அவனிடம் கற்றதுதானே! மரத்தில் இருந்தவனும் கத்தினான், சோடா விற்கிறவளும் கத்தினாள். நாடு முழுக்கக் கேட்டது. எட்கருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"ம்... பேரு கேட்டுச்சு," என்றார் கபாலு. "போய்யா, போய் ஒன் மாப்பிள்ளையப் பேட்டி எடு."

கோப்பையும் சேறுமாக நின்றான் சைலஸ். எட்கர் மைக்கை நீட்டினான்.

"இந்தக் கோலு யாருக்கு?"

சைலஸ் திருதிருவென்று விழித்தான். "இது வந்து... இப்ப மைக்கப் பிடிச்சிருக்காரே, அந்த ஆளுக்கு. பேரு மட்டும் கேக்காதீங்க."

இருவரும் தரையைப் பார்த்தார்கள். வேலியைத் தாண்டி வந்துவிட்ட நெஸ்டா மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள். பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்ல மோட்டாலாவாவில் ஒரு தடையும் இல்லை.

"அம்மா, கேக்குதா? கோலு போட்டது சைலஸ். அத ஊரையே சொல்ல வச்சது நம்ம எட்கர். ரெண்டு பேரும் இங்க நின்னு அழுதுகிட்டிருக்காங்க!"