சாவி எங்கே என்று கேட்கிறார்

கொரியத் தொடர்களில் யாரும் கோப்பு பார்ப்பதில்லை. பெரிய கம்பெனி, கண்ணாடிக் கட்டடம். அதன் இளைய முதலாளி காலையில் வருகிறான், ஜன்னல் வழியாக ஊரைப் பார்க்கிறான், பெருமூச்சு விடுகிறான், போய்விடுகிறான். கோபம் வந்தால் ஒருவரைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வராதே என்று வேலையை விட்டு நீக்குகிறான். பதினேழு-பி குற்றச்சாட்டுக் குறிப்பாணை இல்லை, விளக்கம் கோரவில்லை, விசாரணை அதிகாரி இல்லை. தாலுகா ஆபீஸில் முடி நரைக்கும்வரை இருந்தவன் நான். ஓர் இரவுக் காவலரைக்கூட அப்படி அனுப்ப முடியாது. அனுப்பினால் கோர்ட்டில் கைகட்டி நிற்கப்போவது நாம்தான்.

பெரம்பலூரில் எங்கள் வீட்டு ஹாலில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இதை என் மனைவியிடம் விளக்கிச் சொன்னேன்.

"அவன் கம்பெனி, அவன் என்னமோ பண்ணிட்டுப் போறான். உங்களுக்கு என்ன வந்துச்சு? எழுத்து ஓடுது பாருங்க, வாசிங்க" என்றாள்.

வாசிப்பதுதான் எனக்கு இடப்பட்ட பணி. சென்னையில் இருக்கும் எங்கள் மகள், அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று டிவியில் கொரியத் தொடர்கள் வரும்படி செய்து கொடுத்திருந்தாள். தமிழ்க் குரல் போட்டவை எல்லாவற்றையும் என் மனைவி பார்த்து முடித்துவிட்டாள். மீன்சுருட்டியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அவள் தங்கை, தன் மகள் பார்த்து அழுததாக ஒரு காதல் தொடரைச் சொன்னாள். அதற்குத் தமிழ் இல்லை, கீழே ஆங்கிலத்தில் வசனம் ஓடும், அவ்வளவுதான். என் மனைவி விக்கிரமங்கலத்தில் எட்டாவது வரை படித்தவள். "நீங்கதான் படிச்சவராச்சே, வாசிச்சுத் தமிழ்ல சொல்லுங்களேன்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என் படிப்பை அவள் எதற்கும் கேட்டதில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கதை இதுதான். ஒரு பெண் தெருமுனையில் சின்னதாகக் கறி, ஊறுகாய் விற்கும் கடை வைத்திருக்கிறாள். அந்தப் பணக்கார வாரிசு, பாட்டனாரின் நச்சரிப்புக்குப் பயந்து, அவளோடு ஒரு வருடத்துக்கு ஒப்பந்தக் கல்யாணம் செய்துகொள்கிறான். ஒப்பந்தம் வெள்ளைத்தாளில். முத்திரைத்தாள் இல்லை, சாட்சி இல்லை. அவளுடைய தகப்பன் எழுதிவைத்த உயிலைச் சிற்றன்னை கிழித்துப்போட்டுவிட, அவளுக்குச் சேரவேண்டிய வீடு போய்விடுகிறது. அதற்காக அந்தப் பெண் பல எபிசோடுகள் அழுகிறாள். ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டு, பதிவு அலுவலகத்தில் உயிலுக்கு நகல் கேட்டிருந்தால் கதை நாலாவது எபிசோடிலேயே முடிந்திருக்கும். இதையும் சொன்னேன். "அந்த ஊர்ல உங்கள மாதிரி ஆளு இல்ல போல" என்றாள் மனைவி.

சொல்லவேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும், தொடரில் நல்லதும் இருந்தது. அவர்களுக்கு அவசரமில்லை. ஒருவன் ஒருத்தியைப் பார்க்கிறான் என்றால் அந்தப் பார்வை முடியும்வரை கேமரா காத்திருக்கிறது. எல்லோரும் எல்லோரையும் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள். கேட்பவர் நிஜமாகவே பதிலுக்காக நிற்கிறார். சமையலைக் காட்டினால் ஆவி நம் முகத்தில் அடிப்பதுபோல் இருக்கிறது. நாலைந்து நாளில் எனக்கே மதியம் எப்போது வரும் என்று ஆகிவிட்டது. அதை ஒப்புக்கொள்ளாமல் இருக்கத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சிக்கல் காதல் வசனங்களில் வந்தது.

மழை. கடை வாசலில் அவனும் அவளும் ஒரே குடையில். அவன் நெடுநேரம் பேசுகிறான். கீழே ஓடியதன் சாரம்: இந்த மழை விடவே கூடாது என்று இருக்கிறது, விட்டால் நீ குடையை விட்டு வெளியே போய்விடுவாய். படிக்கும்போது எனக்குப் புரிந்தது, நன்றாகவும் இருந்தது. ஆனால் அதை என் வாயால், சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த என் மனைவியைப் பார்த்து, 'நீ' என்று சொல்லவேண்டும். 

"குடைய எடுத்துக்கச் சொல்றான்" என்றேன்.

"அதுக்கா இவ்ளோ நேரம் பேசுறான்?"

"கொரிய பாஷை அப்படி. கொஞ்சம் நீளம்."

அன்று ஆரம்பித்தது. திரும்பிப் பார்க்காமல் போ, பார்த்தால் ஓடி வந்துவிடுவேன் என்று அவள் அழுதால், "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்புங்கறா" என்பேன். ராத்திரி முழுக்க உன் நினைப்பு என்று அவன் சொன்னால், "சரியாத் தூங்கலையாம்" என்பேன். ஐந்து பக்க மனுவை ஒரே வரியில் சுருக்கி மேலிடத்துக்கு வைத்துப் பழகிய கை. சுருக்கம் எப்படியும் பொய் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அருவருப்பாக இருக்கிறது, அதனால்தான் என்றும் சொல்லிக்கொண்டேன். அருவருப்பு இல்லை. கூச்சம். எங்கள் வீட்டில் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. 'இந்தா', 'இங்க பாரு', இரண்டுதான். அலுவலகத்தில் பிரிவுபசார விழா என்றால் முக்கால் மணி நேரம் பேசுவேன், கண் கலங்க வைப்பேன். எல்லாம் ஆபீஸர்களைப் பற்றி.

அடுத்த இழிவு, மறுநாள் எபிசோடை நான் முன்கூட்டியே பார்க்கத் தொடங்கியது. காலையில் நடைப்பயிற்சி என்று கிளம்பி, புது பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு போனில் பார்ப்பேன். எந்த இடத்தில் கூச்சம் வரும், அதற்குப் பதிலாக என்ன சொல்லலாம் என்று தயார் செய்துகொள்வேன். திடீரென்று வாய் உளறிவிடக் கூடாதல்லவா. முன்னேற்பாடு.

அந்தத் தொடரில் ஒரு வயதான தம்பதி உண்டு. கதாநாயகியின் கடைக்கு எதிரே நூடுல்ஸ் கடை வைத்திருப்பவர்கள். கிழவர் சிடுமூஞ்சி. கிழவி கொண்டுவந்து வைப்பதைத் தின்பார், கிண்ணத்தைத் தள்ளிவிடுவார், எழுந்து போவார். முக்கியக் கதைக்கு அவர்களால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனால் அவர்கள் வரும்போதெல்லாம் என் மனைவி காலை மடக்கி நிமிர்ந்து உட்காருவாள். முடிவை நெருங்கும்போது கிழவி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிறாள். கிழவர் கட்டில் ஓரத்தில் நின்று, அவளைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார்: நீ போட்ட சாப்பாட்டை நல்லா இருக்குன்னு ஒரு நாளும் நான் சொன்னதில்லை. நல்லா இருந்தது. எல்லா நாளும் நல்லா இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் இதைப் பார்த்துவிட்டு நான் வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. காதலன் வசனத்தையாவது வாலிபத் திமிர் என்று ஒதுக்கலாம். இந்த வசனத்தை வாசித்தால், வாசிப்பது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அரியலூர்ப் பக்கம் போகும் சிமெண்ட் லாரிகளை எண்ணாமல் பார்த்துக்கொண்டு, அதற்கும் ஒரு மாற்று யோசித்து வைத்தேன்.

மதியம் அந்தக் காட்சி வந்தது. நான் தயாராக இருந்தேன்.

"கடைச் சாவி எங்க வெச்சேன்னு கேக்குறாரு."

திரையில் கிழவியின் முகம் நடுங்கியது. கண்ணீர் காதுப்பக்கம் வழிந்து தலையணையில் இறங்கியது. கேமரா வழக்கம்போல் அவசரப்படவில்லை.

என் மனைவி என் பக்கம் திரும்பவில்லை. "சாவி எங்கன்னு கேட்டதுக்கா அந்தம்மா இப்படி அழுவுது?" என்றாள்.

"வலி இருக்கும்ல."

"ம்" என்றாள். ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டு, கொடியில் துணி காய்ந்திருக்கும் என்று எழுந்து போனாள். அதற்கு அடுத்தடுத்த நாட்களில் டிவியை அவள் போடவில்லை. கடைசி எபிசோட் பாக்கி இருந்தது. நானும் கேட்கவில்லை.

அந்த வாரத்தில் அவள் தங்கை தன் மகளோடு வந்தாள். பெண்ணுக்குப் பெரம்பலூரில் ஏதோ தேர்வு. ஒரு பை முந்திரிப் பருப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மாமா, கொலஸ்ட்ரால்னு நீங்க திங்காதீங்க, அக்காவுக்கு" என்றாள். சாப்பாடானதும் நான் அறைக்குள் பேப்பரோடு படுத்தேன். கதவு சாத்தியிருக்கவில்லை.

ஹாலில் டிவி போடும் சத்தம். "அந்தக் கெழவன் கெழவி ஆஸ்பத்திரியில இருக்குற எடத்தப் போடு பாப்பா" என்று என் மனைவி சொல்வது கேட்டது. "அத மட்டும் வாசிச்சுச் சொல்லு."

அந்தப் பெண் வாசித்தாள். ஒரு தடங்கலும் இல்லாமல், எங்கள் ஊர்த் தமிழில். நீ போட்ட சோத்த ஒரு நாளும் நல்லாருக்குன்னு சொன்னதில்ல. நல்லாருந்துச்சு. எல்லா நாளும் நல்லாருந்துச்சு. பேப்பரை முகத்துக்கு மேல் பிடித்திருந்தேன். எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

 பிறகு என் மனைவி, "அவ்ளோதானா?" என்றாள். "இதச் சொல்றதுக்கா உங்க பெரியப்பாவுக்கு வாய் வரல?"

"பெரியப்பா என்னன்னு சொன்னாரு பெரியம்மா?"

"சாவி எங்கன்னு கேக்குறாருன்னாரு."

தங்கை வெடித்துச் சிரித்தாள். "சாவியா! ஏங்க்கா, ஆஸ்பத்திரியில கெடக்குறவகிட்ட எந்த மனுசனாச்சும் சாவியக் கேப்பானா?"

"உங்க மாமா கேட்டாருல்ல. திருச்சியில நான் கர்ப்பப்பை ஆபரேசன் பண்ணிக் கெடந்தப்ப. மயக்கம் தெளிஞ்சு கண்ணத் தொறக்குறேன், தலமாட்டுல நிக்கிறாரு. பீரோ சாவி எங்கங்கறாரு."

"அடப் பெரியப்பா!" என்றது பெண். மூவரும் சிரித்தார்கள். என் மனைவியின் சிரிப்புதான் முதலில் நின்றது.

அந்தச் சாவி வசனம் நான் கற்பனை செய்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எனக்குக் கற்பனையே கிடையாது. பீரோவில் இருந்தது மருத்துவக் காப்பீட்டு அட்டை. அசல் அட்டையை உரிய காலத்துக்குள் காட்டாவிட்டால் செலவுத் தொகையைக் கோர முடியாது. விதி அதுதான். அன்றைக்கு அவளிடம் சாவியைக் கேட்டது முறைப்படி சரி. உள்ளே படுத்துக்கொண்டு இந்த விளக்கத்தை வார்த்தை வார்த்தையாகத் தயார் செய்தேன், ஹாலுக்குப் போய்ச் சொல்வதற்காக. பாதியில் என் குரலே எனக்குக் கேட்டு, விட்டுவிட்டேன். அவர்கள் பஸ் ஏறப் புறப்பட்டபோதுகூடத் தூங்குவதுபோல் கிடந்தேன். "மாமா தூங்குறாரு, எழுப்பாத" என்றாள் தங்கை. "அவரா? தூங்கவெல்லாம் இல்ல" என்றாள் என் மனைவி.

மறுநாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். கத்தரிக்காயும் முந்திரியும் போட்ட குழம்பு. அவள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு முறை வாயைத் திறந்து சோற்றைப் போட்டு மூடினேன். இப்போது எதைச் சொன்னாலும் கொரியாக்காரன் எழுதிக் கொடுத்ததாகத்தான் இருக்கும் என்று தெரியும். சொல்லாவிட்டால் அதைவிடக் கேவலம் என்றும் தெரிந்தது.

"நல்லாருக்கு" என்றேன்.

"எது?"

"குழம்பு."

"அது நேத்து வெச்சது."

காது சூடாகிவிட்டது. "நேத்தும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன், தட்டைப் பார்த்துக்கொண்டு.

வெங்காயம் உரிக்கும் கை நின்றது. "வசனம் நல்லா மனப்பாடமாயிருக்கு" என்றாள். சிரித்தாளா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கொஞ்சம் கழித்து, "கையக் கழுவிட்டு டிவியப் போடுங்க. கடைசி பாக்கி இருக்கு. இன்னிக்காச்சும் இருக்குறத இருக்குற மாதிரி வாசிங்க" என்றாள்.

போட்டேன். போடுமுன் தெருப்பக்க ஜன்னலைச் சாத்தினேன்.

"எதுக்குச் சாத்துறீங்க? வேர்க்குது."

திறந்தேன். பக்கத்து வீட்டு மாடியில் யாரோ வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வருடம் காணாமல் போன கதாநாயகன், பாலத்தின் மேல் கதாநாயகி முன்னால் வந்து நின்றான். அவன் என்னவெல்லாம் சொன்னானோ அதையெல்லாம், சுருக்காமல், அவனுக்குப் பதிலாக நான் சொன்னேன். நீ இல்லாத வீட்டில் எனக்குச் சாவி எதற்கு என்றுகூட ஒரு வரி இருந்தது. அதையும் சொன்னேன். ஓலை வாசிக்கும் தலையாரி மாதிரி இருந்தது என் குரல். ஓரிடத்தில் உடைந்தது, இருமி மறைத்தேன். என் மனைவி திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் சொல்லி முடித்தான். கதாநாயகி அழுதாள், கட்டிக்கொண்டாள். சிற்றன்னை திருந்தினாள். வீடு திரும்ப வந்தது, எந்த ஆவணத்தின் பேரில் என்று காட்டவில்லை. பாட்டனார் சிரித்தார். பெயர்கள் ஓடத் தொடங்கின.

"எப்படி?" என்று கேட்டேன்.

என் மனைவி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "எல்லாம் நல்லாத்தான் எடுத்திருக்கான். முடிவுதான் சப்புன்னு போச்சு. இத்தினி நாளா வாயத் தொறக்காதவன் கடைசிப் பத்து நிமிசத்துல வந்து சொல்லிட்டா, எல்லாஞ் சரியாப் போயிருமாக்கும்?"

டீ போட அடுப்படிக்குப் போனாள்.

அது குறைதான் என்று நான் ஒப்புக்கொண்டேன், அவள் காதில் விழுந்ததோ இல்லையோ. காலம் கடந்து வரும் மனுவை ஏற்க விதியில் ஒரு வழி உண்டு. தாமதத்துக்கான காரணத்தைத் தெளிவாகச் சொல்லி, அதைப் பொறுத்தருளும்படி தனியாக ஒரு மனு கொடுக்க வேண்டும். எத்தனையோ பேருக்கு அந்தக் காரணத்தை நானே சொல்லிக்கொடுத்து எழுதவைத்திருக்கிறேன். அடுப்படியில் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. ஒரு காரணம்கூட எனக்கு அகப்படவில்லை.