யசிந்தாக்கா மாற்றி வாசித்த கடிதம்

அண்ணனுடைய பழைய ‘லப்டொப்’ சூடேறினால் அதிலிருந்து ரப்பர் கருகுவது போல ஒரு வாசம் வரும். முற்றத்துப் பாயில் காயும் கருவாட்டின் வாசத்தோடு அதுவும் கலந்து எங்கள் முன்னறையை நிறைக்க, ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்த கையோடு நானும் தங்கையும் யசிந்தாக்காவும் ஒரே மர வாங்கில் நெருக்கியடித்து உட்கார்ந்து அந்த ஜப்பானிய கார்ட்டூன் தொடரைப் பார்ப்போம். பேசுவது ஜப்பான் மொழி, கீழே ஓடுவது ஆங்கிலம். எனக்குப் பதினொரு வயது, ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டத்தான் தெரியும். முள்ளிக்குளத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, எங்கள் ஒழுங்கையில் வாடகை வீட்டில் தாயோடு இருந்த யசிந்தாக்காவுக்குப் பதினான்கு. அவள்தான் அந்த வரிகளை வாசித்து எங்களுக்குத் தமிழில் சொல்வாள்.

கதை நடக்கும் நகரத்தில் பறக்கத் தெரிந்தவர்களும் மலையைத் தூக்கக்கூடியவர்களும் ஒரு அரசாங்கக் கந்தோரில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பார்கள். வீடு பற்றி எரிந்தாலும், படிவம் நிரப்பி முத்திரை குத்திக்கொள்ளாமல் யாரையும் காப்பாற்றக் கூடாது. நாங்கள் ‘சீல் மாமா’ என்று பெயர் வைத்த நாயகன் முதற் பாகங்களில் நெருப்பைப் பார்க்க மாட்டான், படம் பிடிப்பவர் எங்கே நிற்கிறார் என்றுதான் பார்ப்பான். மீன் சந்தையிலிருந்து திரும்பும் அப்பாகூட வாசலில் நின்று, “எங்கட கந்தோர் ஆக்களைப் பாத்துத்தான் எடுத்திருக்கிறாங்கள்” என்று சிரிப்பார். பிறகு ஒரு பாகத்தில், அவன் முத்திரைக்காக வரிசையில் நிற்கும்போதே ஒரு கிழவி ஆற்றில் மூழ்கிவிடுவாள். அதற்குப் பிறகு அவனுக்குப் படத்துக்குச் சிரிக்க வரவில்லை. எங்களுக்கும் அவனைப் பார்த்துச் சிரிக்க மனம் வரவில்லை.

தொட்டதையெல்லாம் உப்பாக்கும் ‘உப்பன்’தான் வில்லன். அவனும் முன்பு அந்தக் கந்தோரில் இருந்தவன்தான், முத்திரை கிடைக்கப் பிந்திய ஒரு நாளில் தம்பியைப் பறிகொடுத்தவன். “அவனில பிழையில்லையடி, காக்க வைச்சவையிலதான் பிழை” என்பாள் யசிந்தாக்கா. ஆனால் அவள் உயிரைக் கொடுத்து வாசித்தது ‘மின்மினி’க்குத்தான். விரல் நுனியில் சிறு வெளிச்சம் மட்டும் வரக்கூடிய, கந்தோரில் எல்லோரும் கேலி செய்யும் பெண் அவள். முகிலுக்கு மேலே வேலைக்குப் போய்த் திரும்பாத தகப்பனின் பறக்கும் சால்வையை வாரம் தவறாமல் தோய்த்துக் காயப்போடுவாள். முதலில் ஒரு சொல் பேசப் பயந்தவள், போகப் போக மேலதிகாரியின் மேசையில் அடித்துக் கேள்வி கேட்கத் தொடங்கினாள். அந்த இடங்களில் யசிந்தாக்காவின் குரலும் உயர்ந்துவிடும்.

கடைசிப் பாகத்தில் ஒரு சேவகன் வந்து மின்மினியிடம் ஒரு கடிதம் கொடுத்தான். “அப்பா வாற மாசம் வாறாராம்” என்று வாசித்தாள் யசிந்தாக்கா. தங்கை கை தட்டினாள். என் கண்ணோ திரையிலிருந்த ஒரு நாலெழுத்துச் சொல்லில் நின்றுவிட்டது. அந்த வாரம்தான் சொல்வதெழுதலில் அதைப் பிழைவிட்டு, பத்துத் தரம் எழுதியிருந்தேன்.

“பிழை, யசிந்தாக்கா. அவர் செத்துப் போனார் எண்டெல்லோ கிடக்கு.”

எனக்கும் ஆங்கிலம் தெரியும் என்று காட்டும் ஆசை, வேறொன்றுமில்லை. அவள் என்னைப் பார்த்தாள், “ஓம்” என்றாள், ‘லப்டொப்’பை மெதுவாக மூடிவிட்டு எழும்பிப் போனாள்.

“உன்ர வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்க ஏலாதோ?” என்று அம்மா உள்ளிருந்து வந்தார். “அதின்ர தகப்பன் கடலுக்குப் போய் அஞ்சு வருசம். வள்ளமும் வரேல்ல, பிரேதமும் வரேல்ல.” எனக்கு அது தெரியாது. அப்பா எங்கே என்று கேட்ட போதெல்லாம், வாற மாதம் வருவார் என்றுதான் அவள் எனக்குச் சொல்லியிருந்தாள். கார்த்திகையில் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே, இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கும்போது மாமி, அதாவது அவளுடைய அம்மா, ஒரு முறைகூடக் கணவரின் பெயரைக் கொடுத்ததில்லை என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

இரண்டு ஞாயிறு அவள் வரவில்லை. மன்னிப்புக் கேட்கப் போய், இரண்டு தரமும் அவர்கள் வாசற் படலையில் கை வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். மூன்றாவது ஞாயிறு தானாகவே வந்து வாங்கில் உட்கார்ந்து, “கடைசிப் பாகத்தைப் போடு” என்றாள். அம்மாவிடம் கருவாடு வாங்க வந்த மாமி, மகளின் குரல் கேட்டு வாசலில் நின்றுவிட்டதை நான் மட்டும் கண்டேன்.

“உங்கள் தந்தை கடமையின்போது இறந்துவிட்டார். தேடுவதை நிறுத்திவிட்டோம். மூன்று பிரதிகளில் ஒப்பமிடவும்” என்று, ஒரு சொல்லையும் தாண்டாமல் வாசித்தாள். மாமி உள்ளே வந்து வாங்கின் நுனியில் உட்கார்ந்தார்.

“பிறகு அந்தப் பிள்ளை என்ன செய்தது?”

யசிந்தாக்கா திரும்பிப் பார்க்காமல், மிச்சத்தையும் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “ஒப்பம் வைச்சவள், அம்மா. பிறகு கந்தோருக்குப் போகாமல், முத்திரையும் இல்லாமல், ஆக்களைக் காப்பாத்தப் போனவள்.”

மாமி அவளுடைய தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அந்தக் கார்த்திகையில் சேமக்காலையில் அவள் தகப்பனின் பெயரும் வாசிக்கப்பட்டது. பக்கத்தில் நின்ற என் கையை அவள் இறுக்கிப் பிடித்ததில் நகம் பதிந்து, வீடு வரும்வரை எரிந்தது. நான் கேட்க நினைத்திருந்த மன்னிப்பை, அந்தப் பிடியாலேயே அவள் கேட்க விடவில்லை.

சில வருடங்களில் அவர்கள் முள்ளிக்குளத்துக்கே திரும்பிப் போனார்கள். அவள் இப்போது அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். வருடந்தோறும் நத்தாருக்கு, பாலன் பிறந்த நாளில், தொலைபேசியில் கதைப்போம், பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே, அவசரமாக.

அண்மையில் அண்ணனின் மகள் அதே தொடரைத் தன் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது படத்தில் எல்லோரும் தமிழிலேயே பேசுகிறார்கள், சீல் மாமாவும்கூட. நானும் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தேன். ஒரு பாத்திரம் வாயைத் திறந்த பிறகு, அது என்ன சொன்னது என்று அறிய ஒரு முகத்தைத் திரும்பிப் பார்த்துக் காத்திருப்போமே, அந்த நொடி இப்போது படத்தில் இல்லை. அண்ணன் மகள் காதில் மாட்டியிருந்ததை ஒரு பக்கம் கழற்றி, “என்ன மாமி?” என்றாள். ஒன்றுமில்லை என்றேன், அவள் திரும்ப மாட்டிக்கொண்டாள்.