உருகும்போது தொடாதீர்கள்

புதுப்பட்டினத்தில் நானும் ஜாக்குலினும் சேர்ந்து எடுத்திருக்கும் வாடகை வீட்டில் மூன்றாவதாக ஒருத்தி இருக்கிறாள். பெயர் எஸ்தர். எட்டுக் கால், உடம்பெல்லாம் முடி, உள்ளங்கை அகலம். டாரன்டுலா என்று சொல்கிற பெரிய சிலந்தி. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தேங்காய்ச் சிரட்டைக்கு அடியில் குடித்தனம் நடத்துகிறாள்.

ஜாக்குலின் செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் தொலைபேசி ஆபரேட்டர். நான் அங்கேயே கிளார்க். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. சதுரங்கப்பட்டினத்தில் அண்ணன் சாலமோன் வீட்டில் தங்கத்தட்டில் வைத்துத் தாங்கினார்கள். ஒரு டம்ளர் வெந்நீர்கூட அவளாக வைக்க விட்டதில்லை. அந்தக் கோபத்தில்தான், வேலை நிரந்தரமானதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்து சேர்ந்தாள்.

“எல்லாரும் என்னப் பாத்துக்கினே கீறாங்க சுஜாக்கா. நான் பாத்துக்கிற மாதிரி எனுக்கு ஒண்ணு வேணும்” என்றாள். நாய்க்கு வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டார். பூனை முடி எனக்கு ஆகாது. கடைசியில், சத்தம் போடாத, வாரம் ஒரு கரப்பான் போட்டால் போதும் என்கிற இந்த ஜந்துவைச் சென்னையில் முறையான பதிவுக் காகிதத்தோடு விற்கும் ஒருவரிடம் வாங்கி வந்துவிட்டாள். எனக்கு அன்றைக்கே வீட்டைக் காலி செய்துவிடலாம் போலிருந்தது.

வாங்கியது சுலபம். வளர்ப்பது எப்படி என்று படிப்பதற்குள் அவளுக்குத் தாவு தீர்ந்துபோயிற்று. அவள் போன் எழுத்தை வாய்விட்டு வாசிக்கும். ஆனால் எழுத்தாக இருந்தால்தானே? விற்றவர் அனுப்பிய குறிப்பு ஒரு போட்டோ. போன் “படம்” என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டது. தமிழில் ஒரு சின்னக் கையேடு கிடைத்தது. பழைய எழுத்துருவில் அடித்தது என்பதால் “ஜி, செமிகோலன், எல், கமா” என்று போன் மந்திரம் ஓதியது. பார்வையற்றோர் நூலகம் ஒன்றுக்கு எழுதிக் கேட்டாள். தேனீ, கோழி, காளான் எல்லாம் பிரெய்லில் இருக்கிறது, சிலந்தியை இதுவரை யாரும் கேட்டதில்லை என்று பதில் வந்தது. ஆங்கிலத்தில் எழுதிக் குவித்திருக்கிறார்கள், ஆனால் முக்கியமான இடம் வந்தால் கீழே உள்ள படத்தைப் பாருங்கள் என்று கைகழுவி விடுகிறார்கள். எனக்கே எரிச்சலாக வந்தது.

பொத்தேரியில் தாமோதரன் என்றொரு விலங்கியல் ஆசிரியர் நாலைந்து சிலந்தி வளர்க்கிறார் என்று விசாரித்துப் போனோம். தடிமனான ஆங்கிலப் புத்தகம் ஒன்றை ஒரு வாரத்துக்கு இரவல் தந்தார். நான் வாசித்துத் தமிழில் சொல்கிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம். உள்ளங்கையால் படத்தை மறைத்துக்கொண்டே மூன்று நாள் வாசித்தேன். நடுவில் முழுப்பக்கத்துக்கு ஒன்று வந்தது. சிலந்தி மல்லாந்து கிடக்க, அடிவயிறு, வாய் எல்லாம் தெரிந்தது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஏழெட்டுப் பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, அடுத்த அத்தியாயத்திலிருந்து ஒன்றும் நடக்காததுபோல் தொடர்ந்தேன். ஜாக்குலின் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அவள் தேடுவதை நிறுத்தவில்லை. ஓர் ஆங்கிலப் பக்கத்தை எந்திரமே தமிழாக்கி வைத்திருந்தது அகப்பட்டது. அதில்தான் அந்த வரி. “உங்கள் டாரன்டுலா உருகும்போது தொடாதீர்கள். படம்.” அதன் பிறகு ஏதோ விளம்பரம் வந்ததால் அவள் அங்கேயே நிறுத்திவிட்டாள்.

அப்போது கத்திரி வெயில். மத்தியானம் கடல்காற்று ஏறும்வரை எங்கள் வீடு அடுப்புதான். உருகுவது என்றால் என்ன என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? “வெயில்ல உருகிப்பூடும் போல கீதே” என்று ஜாக்குலின் பயந்துபோனாள். பெட்டியைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். சுற்றி ஈரத்துணி போட்டாள். எஸ்தரோ மூன்று வாரமாகப் பட்டினி. போட்ட கரப்பான் மறுநாளும் உள்ளே சரசரவென்று ஓடுவது ஜாக்குலினுக்குக் கேட்கும். “வேணாமாம், எடுத்துடு” என்பாள். நான் இடுக்கியால் எடுத்துப் போடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சாலமோன் அவளை ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார். நான் அடுக்களையில் நெத்திலி அலசிக்கொண்டிருந்தேன்.

“ஜாக்கு, உன் பூச்சி பூடுச்சி” என்றது அவர் குரல்.

“நல்லா பாருண்ணே.”

“இன்னாத்த பாக்குறது? மல்லாக்க கெடக்குது. ஒரு காலும் ஆடல. வேதத்துல கீற பேர பூச்சிக்கு வெக்காதன்னு அப்பவே சொன்னேன். குடு, வெளிய கொட்டிட்டு வரேன்.”

“கொட்டாத! வெயில் தாங்காம மயங்கிகினு இருக்கும். தண்ணி ஊத்தி நிமித்திப் போட்டா எழுந்துக்கும்.”

‘மல்லாக்க’ என்ற சொல் என் காதில் விழுந்தது. நான் புரட்டித் தள்ளிய படம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஓடினேன். ஜாக்குலின் ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பும் மறு கையில் கரண்டியுமாக நின்றாள். பெட்டியின் மூடி திறந்திருந்தது.

“ஊத்தாத ஜாக்கு!” மீன் கையோடு அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். தண்ணீர் தரையெல்லாம் கொட்டியது. “புஸ்தகத்துல இப்டி ஒரு படம் இருந்துச்சு. இதே மாதிரி மல்லாந்து.”

“செத்ததா, உசுரோட கீறதா?”

“தெரியல.”

“கீழ இன்னா எழுதியிருந்துச்சு?”

“வாசிக்கல. அருவருப்பா இருந்துச்சு. தள்ளிட்டேன்.”

“எத்தினி பக்கம்?”

“ஏழெட்டு.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தாமோதரனுக்கு அடித்தோம், போன் அணைந்திருந்தது. சாலமோன் பொறுமையிழந்தார். “வெயில்தான் காரணம்னா, நீங்க பேசிகினு கீற நேரத்துல இருக்குற உசுரும் பூடும். ஊத்துறதுன்னா ஊத்துங்க.” அவர் சொன்னதும் நியாயம்தான். வெயில் என்றால் சும்மா இருப்பது அதைக் கொல்லும். வேறு ஏதாவது என்றால் எங்கள் கை பட்டே அது செத்துவிடலாம்.

ஜாக்குலின் ஈரத்தரையிலேயே உட்கார்ந்து போனை எடுத்தாள். அதே பக்கம். தொடாதீர்கள் என்றது. படம் என்றது. விளம்பரம் ஓடியது. இந்த முறை அவள் நிறுத்தவில்லை. விளம்பரத்துக்குப் பிறகும் விஷயம் இருந்தது.

“உருகும் முன் பல வாரங்கள் உணவை மறுக்கலாம். உருகும்போது அது முதுகில் படுக்கும். உருகி முடிந்ததும் பழைய தோலை அகற்றவும்.”

கடைசி வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். “அண்ணே, மெழுகுவத்தி உருகினா தோலு மிச்சமாவுமா?”

“இன்னா உளர்ற?”

“தோலு மிச்சமாவுதுன்னா அது உருகல. உரிக்குது! பாம்பு சட்ட உரிக்கிற மாதிரி இது தோலு உரிக்குது. மிஷினு வார்த்தய மாத்திப் போட்டுகீது.”

“செத்தே இருந்தா?”

அதற்கும் போனில் அடுத்த வரியில் பதில் இருந்தது. இறந்தது என்றால் பெரும்பாலும் கவிழ்ந்து, கால்கள் அடியில் சுருண்டு கிடக்கும். ஜாக்குலின் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். “பாத்து சொல்லு சுஜாக்கா. எதையும் தள்ளாம சொல்லு.”

பார்த்தேன். இந்தத் தடவை கண்ணை எடுக்கவில்லை. “கால் சுருளல. எட்டும் விரிஞ்சிருக்கு.”

“அப்ப யாரும் தொடாதீங்க.”

மூடியை ஓசைப்படாமல் வைத்தேன். அதன்பின் காத்திருந்தோம். நெத்திலி அடுக்களையில் அப்படியே கிடந்தது. மின்விசிறியின் அதிர்வு வேண்டாம் என்று ஜாக்குலின் அதையும் நிறுத்தினாள். வேர்வை ஆறாக ஓடியது. அரை மணிக்கு ஒரு தடவை அவள் கேட்பாள், அப்படியேதான் இருக்கிறது என்பேன். ஒன்றரை மணி நேரம் போனபோது, செத்ததைத்தான் காவல் காக்கிறோம் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அவளிடம் சொல்ல மனம் வரவில்லை.

அப்போது அதன் விலாப்பக்கம் ஒரு கோடு பிளந்தது. உள்ளே வெளிறிய நிறம். ஒவ்வொரு காலும், இறுக்கமான ரவிக்கையிலிருந்து கையை உருவுவதுபோல், கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. நான் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன். டீ குடிக்கப் போயிருந்த சாலமோன் திரும்பி வந்து பெட்டியைப் பார்த்துவிட்டு வாசல்வரை பின்வாங்கினார்.

“அய்யோ, ரெண்டு கீதுடி!”

ஜாக்குலின் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பத்து நாள் கழித்து, எஸ்தரின் உடம்பு கெட்டிப்பட்ட பிறகு, அந்தப் பழைய தோலை இடுக்கியால் எடுத்தேன். பின்பகுதி முடி பட்டால் அரிக்கும் என்பதால் அதைக் கத்தரித்துவிட்டு மீதியை அவள் உள்ளங்கையில் வைத்தேன். நாலு மாதமாகச் சோறு போட்டு வளர்த்தவளின் உருவத்தை அவள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். ஒவ்வொரு காலாகத் தடவி எண்ணினாள். பல்லைத் தொட்டுப் பார்த்து, “அம்மாடி” என்று சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, தோலிலிருந்து விரலை எடுக்காமலே பேசினாள்.

“அன்னிக்கு நீ பக்கத்த சேத்துப் புரட்டின சத்தம் எனுக்கு கேட்டுச்சு சுஜாக்கா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அப்பவே ஏன் கேக்கல?”

“கேட்டா கோச்சிகினு வாசிக்கிறதயே நிறுத்திட்டீனா? வேற யாரு கீறாங்க எனுக்கு வாசிக்க?”