தெரியாது என்று சொல்லாதவர்

என் முதல் பிள்ளை மூன்று நாள்தான் இருந்தான். பிறந்ததிலிருந்தே அவன் வாயோரம் நுரை தள்ளிக்கொண்டிருந்தது. துடைக்கத் துடைக்க வந்தது. மார்பில் வைத்தால் ஆசையாய் உறிஞ்சுவான். இரண்டு மடக்கு இறங்குவதற்குள் இருமி, உதடு நீலம் பாய்ந்து, பால் மூக்கு வழியாகத் திரும்பிவிடும். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடான லயத்தில், ஒற்றைக் காம்பராவில் இருந்தோம். தோட்டத்தில் மருந்து கொடுத்தவரை எல்லோரும் டாக்டர் ஐயா என்போம். உண்மையில் அவர் டாக்டர் இல்லை. இரண்டாம் நாள் பிள்ளையைக் கொண்டுபோனபோது அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஒனக்குப் பால் குடுக்கத் தெரியல. தலையத் தூக்கிப் புடிச்சுக் குடு, போ" என்றார். பிள்ளை போன அன்று, வாசலில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி என் புருஷனிடம், "புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. இவதான் பால மூச்சுல ஏத்திட்டா" என்றார்.

அந்த ஒரு பேச்சு லயம் முழுவதும் பரவியது. பிள்ளைக்காரிகள் என்னைக் கண்டால் முந்தானையால் குழந்தையை மூடினார்கள். என் புருஷன் ஒரு மாதம் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு, மாத்தளை டவுனில் அண்ணன் வீட்டில் என்னைக் கொண்டுவந்து விட்டார். கூட்டிப்போக வரவேயில்லை.

அண்ணன்தான் என்னை மருத்துவச்சிப் பயிற்சிக்கு அனுப்பினார். அங்கே ஒரு லேடி டாக்டர் கரும்பலகையில் ஒரு குழாய் வரைந்தார். கரு ஒரு அரிசி அளவு இருக்கும் நாலாவது வாரத்தில் மூச்சுக்கும் சாப்பாட்டுக்கும் ஒரே குழாய்தான். நடுவில் ஒரு சுவர் எழும்பி அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். சிலருக்கு அது சரியாகப் பிரியாமல், உணவுக்குழாய் வயிற்றுக்குப் போகாமலே பாதியில் அடைபட்டு நின்றுவிடும் என்றார். "அப்படிப் பொறந்த புள்ள வாயில நுரை தள்ளும். பால் குடுத்தா நீலம் பாயும்." நான் எழுந்து, தாய் ஏதாவது தப்புச் செய்திருப்பாளா என்று கேட்டேன். "அவ முழுகாம இருக்கிறதே அவளுக்குச் சரியாத் தெரியாத நேரம்மா அது. அவ என்ன செய்வா?" என்றார். அந்த நேரத்தில் எனக்கு ஆறுதல் வரவில்லை. டாக்டர் ஐயாவின் முகம்தான் வந்தது.

அதே தோட்டத்துக்குத்தான் வேலை கேட்டுப் போனேன். என் புருஷன் அதற்குள் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டிருந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அது என் கோபத்தை இன்னும் வளர்த்தது. ஆறு வருஷம் அவருக்குக் கீழே, சொன்னதைச் செய்துகொண்டு காத்திருந்தேன். ஒரு நாள் அதே நுரையோடு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. அவர் அந்தத் தாயிடமும் அதையே சொன்னார். நான் பாலை நிறுத்தச் சொல்லி, லொறியில் பிள்ளையைக் கண்டிக்கு அனுப்பினேன். அதுவும் பிழைக்கவில்லை. ஆனால் உணவுக்குழாய் பிறவியிலேயே அடைபட்டிருந்தது, தாய் மேல் குற்றமில்லை என்று பெரியாஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. தாயிடம் அன்றைக்கே படித்துக் காட்டினேன். பிறகு மடித்து டிரங்குப் பெட்டியில் அவருக்காக வைத்தேன்.

அவர் ஓய்வு பெற்ற நாளில் தோட்டமே கூடியது. மாலை போட என்னைக் கூப்பிட்டார்கள். நான் மாலையை மேசையில் வைத்துவிட்டுக் கடிதத்தைப் படித்தேன். பிறகு என் பிள்ளையைப் பற்றி, அவர் என்னைச் சொன்னதை அப்படியே சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. அவர் குனிந்த தலை நிமிரவில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கண்ணை எடுக்க எனக்கு மனமில்லை.

மறுநாள் தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார். "அந்தக் காலத்துல எனக்கு இது தெரியாதும்மா."

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே ஐயா" என்றேன்.

அவர் திரும்பிப் படியிறங்கிப் போனார்.

இன்றைக்கு அப்படிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு ஒப்பரேஷன் செய்து பிழைக்கவைக்கிறார்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. அவரை மட்டும் நான் மன்னிக்கவில்லை. அவர் இறந்த செய்தி வந்த மத்தியானம், மரண வீட்டுக்குப் போகலாமா என்று அண்ணன் கேட்டார். நான் இலையைப் போட்டு, சோறு போட்டுக்கொண்டு, வயிறாரச் சாப்பிட்டேன்.