மொர்வானை உயர்த்திய துரைராஜ்

போன மாதம் கம்பெனியின் பிரெஞ்சுப் பத்திரிகை தபாலில் வந்தது. பளபளவென்ற தாளில் இரண்டு பக்கத்துக்கு மொர்வானின் படமும் வரலாறும். ஓய்வு பெறுகிறாராம். சாதாரண இன்ஜினியராகச் சேர்ந்தவர், லியோனில் உற்பத்தித் தலைவர், பிரேசிலில் ஆலைத் தலைவர், பிறகு ஆசியாவுக்கே டைரக்டர், கடைசியில் பாரிஸில் நிர்வாகக் குழு என்று ஏறிக்கொண்டே போன கதை. இளம் வயதில் இந்தியத் தொழிலாளி ஒருவரிடம் கற்ற பாடம்தான் தன் முறைக்கெல்லாம் அடிப்படை என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தத் தொழிலாளியின் பெயரைப் போடவில்லை.

பெயர் துரைராஜ். ஊர் பீர்க்கன்கரணை. போன ஐப்பசியில், பெருங்களத்தூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வாட்ச்மேனாக இருந்தபோது மஞ்சள் காமாலையில் செத்துப்போனார். பத்திரிகைக்காரன் விட்டதை நான் எழுதுகிறேன். அந்தப் பாடத்தை பிரெஞ்சில் சொல்லிக்கொடுத்த பாவி நான்தான்.

என் பெயர் அந்தோணிசாமி. காரைக்காலில் படித்ததால் எனக்கு பிரெஞ்சு வரும். குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு வால்வு தொழிற்சாலையில் ஸ்டெனோவாக இருந்தேன். எண்பத்தைந்தில் பிரெஞ்சுக் கம்பெனி ஒன்று எங்கள் முதலாளியோடு கூட்டுச் சேர்ந்து புது கிரைண்டிங் மெஷின்களை அனுப்பியது. அவற்றோடு மொர்வானையும் அனுப்பியது. வெயிலில் தக்காளியாகச் சிவக்கும் முகம். எதைப் பார்த்தாலும் நோட்டில் குறித்துக்கொள்ளும் பழக்கம். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். கெட்டவராக இருந்திருந்தால் நாங்கள் உஷாராக இருந்திருப்போம்.

மெஷின்கள் ஓடிய எங்கள் ஷாப்பில் பாதிப்பேர் சுற்றுவட்டார விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். அப்பன் பங்காக அரை ஏக்கரோ கால் ஏக்கரோ ஏரிக்குக் கீழே கிடக்கும். ஏரித் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். இன்ன கிழமை, இன்ன நேரம், இன்னார் கழனிக்கு என்று ஊரில் ஏற்பாடு. முறையைத் தவறவிட்டால் அடுத்த முறைவரை பயிர் காய வேண்டியதுதான். ஏரி மதகு எங்கள் ஷிப்ட் நேரம் பார்த்தா திறக்கும்? அதனால் முறை வந்தவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒன்றிரண்டு மணி நேரம் நழுவுவான். பக்கத்து மெஷின்காரன் இரண்டையும் ஓட்டிச் சமாளிப்பான். அவன் முறை வரும்போது இவன் ஓட்டுவான். சூப்பர்வைசருக்கும் தெரியும். அவருக்கும் கழனி இருந்தது.

துரைராஜுக்குப் பக்கத்து மெஷின் சம்பத். துரைராஜின் மனைவி தனக்கோடிக்குத் தம்பி. அவனை அங்கே சேர்த்துவிட்டதே துரைராஜ்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு புகார் போனால் அனுப்பிவிடுவார்கள்.

எண்பத்தாறு தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. சம்பத் தண்ணீர் திறக்கப் போயிருந்தான். சொல்லாமல் கொள்ளாமல் மொர்வான் ஷாப்புக்குள் வந்துவிட்டார், என்னையும் இழுத்துக்கொண்டு. இந்த மெஷினின் ஆள் எங்கே என்று கேட்டார். நான் கேள்வியைத் தமிழில் சொன்னேன். துரைராஜுக்கு முகம் வெளுத்துப்போனது. மச்சானின் வேலை போய்விடும் என்ற பயம் ஒரு நொடிதான். உடனே நிமிர்ந்தார்.

"அவன் இல்லன்னா இன்னா சார் கொறஞ்சி பூடுச்சி? ரெண்டு மெஷினையும் நானே ஓட்டுவேன். நின்னு பாக்கச் சொல்லுங்க."

சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். மொர்வான் கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் நின்றார். ஒரு மெஷின் தேய்த்துக்கொண்டிருக்கும்போது துரைராஜ் அடுத்ததில் வால்வை மாட்டினார். அதைத் தட்டிவிட்டு இதைக் கழற்றினார். உடம்பு எங்கேயும் முட்டவில்லை, ஒரு பீஸ் கூடக் கெடவில்லை. கடைசியில் மொர்வான் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார். சம்பத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு பேச்சில்லை. சம்பத் திரும்பி வந்து விஷயம் கேட்டதும், எல்லார் முன்னாலும் மாமன் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அன்றைக்கு கேன்டீனில் எனக்கும் டீயும் போண்டாவும் கிடைத்தது.

மொர்வான் தன் அறிக்கையை எழுதினார், டைப் அடித்தது நான். அடுத்த வருடமே ஊருக்குப் போய்ப் பெரிய பதவியில் உட்கார்ந்தார். ஒரு ஆள், இரண்டு மெஷின். அந்த முறையைக் கொண்டுபோன இடமெல்லாம் பாதிப்பேர் வீட்டுக்குப் போனார்கள். அவர் ஒரு படி ஏறுவதும் எங்கோ ஒரு ஊரில் நூறு பேர் கீழே இறங்குவதும் பத்திரிகையில் பக்கம் பக்கமாக வந்தது. எங்களுக்கு அது எங்கேயோ பெய்த மழை. இங்கே கழனியெல்லாம் மனையாகி, முறைத் தண்ணீரும் நின்று, யாரும் நழுவ வேண்டிய அவசியமே இல்லாமல் போயிருந்தது.

தொண்ணூற்று நாலில் பிரெஞ்சுக்காரன் கைக்கே தொழிற்சாலை போனது. மொர்வான் டைரக்டராக வந்து இறங்கினார். கூடவே ஒரு லிஸ்ட்டும். வேலையை விட்டு அனுப்ப முப்பத்தெட்டுப் பேர். சம்பத் பெயர் நாலாவது. துரைராஜ் பெயர் இல்லை. அவரைத்தான் வந்து இறங்கிய அன்றைக்கே எல்லாருக்கும் முன்மாதிரி என்று சொல்லிக் கட்டித் தழுவினாரே.

துரைராஜ் என்னை அழைத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனார். அன்றைக்கு ஓட்டியது ஒரு அவசரத்துக்கு, ஒரு மணி இரண்டு மணி நேரத்துக்கு, தினமும் எட்டு மணி நேரம் மனுஷனால் ஆகாது என்று கெஞ்சினார். மொர்வான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் முழு ஷிப்டும் ஓட்டிப் பார்ப்போமே என்றார். யூனியன்காரர்கள் சந்தோஷத்தில் குதித்தார்கள். துரைராஜ் தோற்றால் லிஸ்ட் கிழிந்த மாதிரிதான் என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். எழுத்தில் யாரும் வாங்கவில்லை. எனக்கும் அந்தப் புத்தி வரவில்லை.

முழு ஷிப்ட் சோதனைக்கு வெள்ளிக்கிழமையைக் குறித்தார்கள். ஓட்டத் தெரிந்த மனிதர் ஓட்டத் தெரியாதவராக எட்டு மணி நேரம் நின்றார். மெஷின் முடித்த பிறகும் கையை எடுக்காமல் நின்றார். வேண்டுமென்றே ஒன்றைக் கீழே போட்டார். அளவு தப்பிய வால்வுகளை மொர்வான் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்க்கும்போது துரைராஜின் காது சிவந்தது. பதினெட்டு வருட சர்வீஸில் அவர் கெடுத்த பீஸ்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சாயங்காலம் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் தேறியது. மொர்வான் அவர் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

ஷாப்பே துரைராஜைத் தூக்காத குறை. நான் மாடிக்குப் போனேன். மொர்வான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கடிதம் சொன்னார். முறையில் குறையில்லை, ஆளுக்கு வயதாகிவிட்டது, கை தளர்ந்துவிட்டது, இரண்டு மெஷினுக்கும் இளைஞன் ஒருவனைப் போடவும், துரைராஜின் பெயரையும் லிஸ்ட்டில் சேர்க்கவும். நான் பேனாவைக் கீழே வைத்திருக்கலாம். அவர் வேண்டுமென்றே கெடுத்தார் என்று சொல்லியிருக்கலாம். எனக்கும் இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு எழுத்துப் பிழையில்லாமல் டைப் அடித்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பீர்க்கன்கரணைக்குப் போனேன். வீட்டில் கறிக்குழம்பு வாசனை. சம்பத் குடும்பத்தோடு வந்திருந்தான். தனக்கோடி எனக்கும் இலை போட்டுவிட்டு, தம்பிக்கு வேலை நிலைத்ததே எங்கள் எல்லாருடைய புண்ணியம் என்று சொன்னார். என்னால் உட்கார முடியவில்லை.

"லிஸ்ட்ட கிழிச்சிட்டானா சார்?" என்றார் துரைராஜ்.

"முப்பத்தொன்பது ஆயிடுச்சி, துரைராஜ்" என்றேன்.

கடிதத்தில் இருந்ததையும் சொன்னேன். தனக்கோடி அடுப்படிக்குள் போய்விட்டார், திரும்பி வரவேயில்லை. சம்பத் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சார், அவன் நாளைக்குத்தான பிளேன் ஏர்றான்? மாமா வோணும்னே கெடுத்தாருன்னு சொல்லிடுங்க. அவரு கை நல்லாத்தான் கீது. இன்னொரு தபா ஓட்டிக் காட்டுவாரு. அவராவது உள்ள இருக்கட்டும்."

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. இந்தத் தடவையாவது வாயைத் திறந்து ஒரு நல்லது செய்துவிடலாம் என்று துரைராஜைப் பார்த்தேன். அவர் எனக்குப் போட்ட இலையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

"வாணாம் சார். அத்த சொன்னா, ஒரு ஆளே போதும்னு என் வாயாலயே ரெண்டாவது தபா சொன்னா மாதிரி ஆயிடும். நான் கெயவனாவே இருந்துட்டுப் போறேன்."

அவருக்கு அப்போது நாற்பது வயது.